தண்ணீரைச் சுமக்கும் கல்

பட்டாசு மருந்துக்குப் பகை இரண்டு. நெருப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஈரத்தைப் பற்றித் தொழிலுக்குள் இருப்பவர்கள்தான் பேசுவார்கள். சிவகாசி வட்டத்தில் எம். புதுப்பட்டியைச் சுற்றியிருக்கும் ஆலைகளில் வேலை ஓடுவதும் நிற்பதும் வானத்தைப் பார்த்துத்தான். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். விவசாயிக்குச் சாபமான இந்த வறட்சிதான், 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் கைகொடுத்தது. நமுத்துப்போன பட்டாசு வெடிக்காது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்த கதை. செய்கிறவருக்குத் தெரிந்த கதை அதைவிட மோசமானது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உலோகம் நீரோடு மெல்ல வினைபுரியத் தொடங்கும். வெப்பமும் ஹைட்ரஜனும் வெளிவரும். குவியலின் நடுவில் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இருக்காது. யாரும் தொடாமலே மருந்து பற்றிக்கொள்ள இது போதும். இப்படி நீரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பழகிய தொழிலுக்குள், அண்மை ஆண்டுகளில் ஒரு கனிமம் சேர்மானமாக நுழைந்திருக்கிறது. அதன் மிகப் பரவலான இயற்கை வகையை எடுத்து நிறுத்தால், எடையில் ஏழில் ஒரு பங்கு தண்ணீர். அதன் பெயர் ஜியோலைட்.

அது நுழைந்த வழி ஊரறிந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக ‘நீரி’, மாற்றுக் கலவைகளை உருவாக்கி, ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலைகளுக்குக் கொடுத்தது. மூலப்பொருள்களைப் பரிசோதிக்கச் சிவகாசியிலேயே ஒரு ஆய்வகமும் வந்தது. அந்தக் கலவைகளில் சேர்க்கப்படும் பொருள்களாக வெளியில் சொல்லப்பட்டவை ஜியோலைட்டும் இரும்பு ஆக்சைடும். இதன்பின் கடைத்தெருவில் ஒரு பேச்சு பரவியது: பசுமைப் பட்டாசில் புகையைக் குடிக்கும் கல்லைப் போடுகிறார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கல் எங்கே, எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அதனால் எது முடியும், எது முடியாது என்பதும் தெரிந்துவிடும். ஜியோலைட் நீரில் பிறந்து நீரைச் சுமக்கும் கல். அதன் எல்லாத் திறமையும் அந்தப் பிறப்பிலிருந்து வந்தது. புகையைக் குடிப்பது அந்தத் திறமைகளில் இல்லை.

1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் அக்செல் குரோன்ஸ்டெட், பளபளக்கும் ஒரு வெள்ளைப் படிகத்தை ஊதுகுழல் சுவாலையில் காட்டினார். நிக்கலை உலகுக்கு அடையாளம் காட்டியவரும் இவர்தான். கல் சூடேறியதும் நுரைத்துப் பொங்கியது. கல்லுக்குள்ளிருந்து நீராவி வந்துகொண்டிருந்தது. கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும்படி அவர் ஜியோலைட் என்று பெயர் வைத்தார். அவர் கையிலிருந்தது இன்று ஸ்டில்பைட் என்று நாம் சொல்லும் வகையோ அதன் நெருங்கிய உறவோ ஆக இருக்க வேண்டும். சூடுபட்டால் நீரை விடும் கனிமம் உலகில் ஏராளம். ஜியோலைட்டின் தனித்தன்மை அதற்கடுத்த கட்டத்தில்தான் தெரியும். அளவாகச் சூடாக்கி நீரை வெளியேற்றிவிட்டு, ஆறவைத்துக் காற்றில் திறந்து வைத்தால், போன தண்ணீரை அது திரும்ப எடுத்துக்கொள்ளும். படிகம் உடைவதில்லை. மறுபடி சூடாக்கினால் மறுபடி விடும். இதை நூறு தடவை செய்யலாம்.

இது எவ்வளவு அபூர்வம் என்று பார்க்க எம். புதுப்பட்டியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். தெற்கே கோவில்பட்டிக் கரிசலில் ஜிப்சம் உண்டு. ஜிப்சத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஆனால் அதைச் சுட்டால் படிகம் குலைந்து வெள்ளைப் பொடியாகிவிடும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற பாரிஸ் சாந்து அதுதான். அந்தத் தண்ணீர் படிகத்தின் தூணாக நின்றது. தூணை எடுத்தால் கட்டடம் விழும். கரிசலின் களிமண் இன்னொரு விதம். அது ஏடு ஏடாக அடுக்கிய கனிமம். மழை பெய்தால் ஏடுகளுக்கிடையில் நீர் புகுந்து மண் பொதபொதவென்று ஊதும். கோடையில் நீர் போனதும் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அங்கே தண்ணீர் வீட்டையே விரித்துச் சுருக்குகிறது. ஜியோலைட்டில் தண்ணீர் குடித்தனக்காரர் மாதிரி: வந்தாலும் போனாலும் சுவர் அசையாது.

சுவர் அசையாததற்குக் காரணம் அதன் சட்டகம். ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகியின் மூலைகளில் நிற்கும். ஒவ்வொரு மூலையையும் பக்கத்து நான்முகி பங்கிட்டுக்கொள்ள, எல்லாத் திசையிலும் பின்னிய வலை உருவாகிறது. மணலில் இருக்கும் குவார்ட்சும் இதே வலைதான். ஆனால் அங்கே நெசவு நெருக்கம். ஜியோலைட்டில் நெசவு தளர்வு. நடுவில் குகைகளும் சுரங்கங்களும் ஒழுங்காக, எல்லாப் படிகத்திலும் ஒரே அளவில் ஓடுகின்றன. உலகில் மிகப் பரவலாகக் கிடைக்கும் இயற்கை ஜியோலைட்டான கிளினோப்டிலோலைட்டில், பெரிய சுரங்கத்தின் வாய் 0.31-க்கு 0.75 நானோமீட்டர். நீர் மூலக்கூறு 0.28 நானோமீட்டருக்குள் அடங்கும், தாராளமாக நுழைந்துவிடும். இத்தனை வெற்றிடம் இருப்பதால் கல்லும் லேசு. குவார்ட்சின் அடர்த்தி 2.65 என்றால் இதற்கு ஏறத்தாழ 2.2. இனி முக்கியமான விஷயம்: சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சிலிக்கானுக்கு நான்கு மின்னூட்டம், அலுமினியத்துக்கு மூன்று. ஆகவே வலைக்கு ஒவ்வோர் அலுமினியத்துக்கும் ஓர் எதிர்மின்னூட்டம் மிச்சப்படும். அதைச் சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் சுரங்கங்களுக்குள் தங்குகின்றன; அந்த அயனிகளைச் சுற்றித்தான் நீர் மூலக்கூறுகள் மொய்க்கின்றன. ஜியோலைட்டின் நீர்ப்பசிக்கு அடிப்படை இந்த அயனிகளே. இதுவரை அறியப்பட்ட சட்டக வடிவங்கள் 250-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் செய்தவை. இயற்கையில் கிடைக்கும் வகைகள் 60-க்குச் சற்று மேல்.

உள்ளிருக்கும் அயனிகளை வேறு அயனிகளுக்கு மாற்றிக்கொள்ளவும் ஜியோலைட்டுக்குத் தெரியும். சலவைத்தூள் கடின நீரிலும் நுரைக்க இது உதவுகிறது. இந்தத் திறமையிலும் ஒரு எல்லை உண்டு. கடலோர இறால் பண்ணைகளில் அது கண்கூடு. குட்டையில் சேரும் அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும் என்று மூட்டை மூட்டையாக ஜியோலைட் விற்கிறது. நன்னீரில் அது ஓரளவு உண்மை. உப்பு நீரிலோ சோடியம் அயனி அம்மோனியத்தைப் போல ஆயிரம் மடங்கு நிற்கும். சுரங்கத்தில் இடம் பிடிப்பது கூட்டம் மிகுந்தவர்தான். கல்லின் பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, அதற்கு முன்னால் நிற்பவை எவை என்று கேட்பது பயன் தரும். பட்டாசு விஷயத்திலும் இதே கேள்வி திரும்ப வரும்.

சரி, இந்தச் சட்டகத்தை யார் கட்டினார்கள்? இந்தியாவில் ஜியோலைட் என்றால் மகாராஷ்டிரம்தான். புனே, நாசிக், ஜல்காவ், அவுரங்காபாத் பகுதிகளின் கல்குவாரிகளிலும் கிணறுகளிலும் கருங்கல்லை உடைத்தால், உள்ளே பீச் பழ நிறத்தில் ஸ்டில்பைட் கற்றைகளும், முத்துப் பளபளப்புள்ள ஹூலாண்டைட்டும், ஊசி ஊசியாக ஸ்கோலசைட்டும், கூடவே உறவு முறையில்லாத அப்போபிலைட்டும் வரும். பம்பாயிலிருந்து புனேவுக்கு 1850-களில் போர்காட் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோதே இவை வெளிவரத் தொடங்கின. இன்று உலகின் பெரிய கனிம அருங்காட்சியகங்களில் இந்தியாவின் முகம் இந்தப் படிகங்கள்தான். இவை இருக்கும் பாறை, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 1100 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வழிந்து உறைந்த தக்காண எரிமலைக் குழம்பு. இன்று மிஞ்சியிருக்கும் பரப்பே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். குழம்பு உறையும்போது அதில் கரைந்திருந்த வாயு குமிழ்களாகச் சிக்கிக்கொண்டது. அந்தக் குமிழ்க் குழிகளில்தான் ஜியோலைட் உட்கார்ந்திருக்கிறது. எனவே இது நெருப்பில் பிறந்த கல் என்று நினைப்பது இயல்பு. எரிமலைப் பாறைக்குள் இருப்பது வேறு எங்கே பிறந்திருக்கும்? 

இந்த எண்ணத்தை முதலில் உடைப்பது கல்லின் சொந்தக் குணமே. ஹூலாண்டைட் 450 டிகிரிக்குள் குலைந்துவிடும் கனிமம். 1100 டிகிரிக் குழம்பில் அது பிறந்திருக்க முடியாது. இரண்டாவது சாட்சி ஐஸ்லாந்திலிருந்து. 1960-இல் ஜார்ஜ் வாக்கர் என்ற புவியியலாளர் கிழக்கு ஐஸ்லாந்தின் லாவா அடுக்குகளில் எந்த ஜியோலைட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டார். லாவா அடுக்குகள் சரிந்து கிடந்தன. ஜியோலைட் மண்டலங்களோ அந்த அடுக்குகளை மதிக்காமல், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஏறத்தாழக் கிடைமட்டமாக ஓடின. ஒவ்வொரு குழம்பும் ஆறும்போது தன் ஜியோலைட்டைத் தானே ஈன்றிருந்தால், மண்டலம் அடுக்கோடு சரிந்திருக்க வேண்டும். ஆக, அடுக்குகள் எல்லாம் குவிந்து, உறைந்து, சரிந்த பிறகு, ஆழத்துக்கேற்ற வெதுவெதுப்பில் ஊறிய நிலத்தடி நீர் செய்த வேலை இது. பின்னாளில் அதே நாட்டில் வெந்நீருக்காகப் போட்ட ஆழ்துளைகளில், ஜியோலைட் இன்றும் உருவாகிவரும் வெப்பநிலையை நேரடியாகவே அளந்தார்கள். சாபசைட் போன்றவை 70 டிகிரிக்கும் கீழே. ஸ்டில்பைட் 100 டிகிரியை ஒட்டி. அதற்கும் ஆழத்தில், சூடு கூடக்கூட, நீர் குறைந்த வேறு வகைகள். இட்லி வேகும் சூட்டில் பிறக்கிற கல் என்று ஸ்டில்பைட்டைச் சொன்னால் தப்பில்லை.

மூன்றாவது சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சில் புளோம்பியேர் என்ற ஊரில் வெந்நீர் ஊற்று உண்டு. ரோமானியர்கள் அங்கே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் குளியல் கட்டடம் எழுப்பினார்கள். 1850-களில் அதன் அடித்தளத்தைத் தோண்டியபோது, கபிரியேல் டோப்ரே என்ற புவியியலாளர் அந்தச் செங்கல்லின் பொத்தல்களிலும் சாந்திலும் ஜியோலைட் படிகங்களைக் கண்டார். ஊற்று நீரின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி. மனிதன் சுட்ட செங்கல்லுக்குள் எரிமலை வர வழியில்லை. வெந்நீரும் காரமும் இரண்டாயிரம் ஆண்டுக்குள் அடங்கும் காலமும் மட்டுமே அங்கிருந்தன. தக்காணத்தில் அந்தக் காலம் மிக நீண்டது. அப்போபிலைட்டின் வயதைக் கதிரியக்க முறையில் அளந்தவர்கள், குழம்பு உறைந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னும் குழிகளில் படிகம் வளர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நெருப்பு கட்டிக்கொடுத்தது காலி வீடு. குடிபுகுந்து படிகம் வளர்த்தது, அதற்கு வெகுகாலம் கழித்து வந்த தண்ணீர்.

தண்ணீர்தான் காரணம் என்றால் தண்ணீர் உள்ள இடமெல்லாம் ஜியோலைட் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் மட்டும் போதாது. எளிதில் கரையும் சிலிக்காவும் அலுமினாவும் வேண்டும், நீரில் காரம் ஏற வேண்டும், அந்தக் கரைசல் ஓடிப்போகாமல் தங்க வேண்டும். எரிமலைக் கண்ணாடி இதற்கு ஏற்ற பொருள். படிகமாக அடுக்கப்படாமல் அவசரமாக உறைந்தது அது. ஆகவே எளிதில் கரையும். கலிபோர்னியாவின் டெக்கோபா என்ற பழைய உப்பேரியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஷெப்பர்ட், கூட் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பாடம் போலக் காட்டுகிறது. ஒரே சாம்பல் படிவு. ஏரியின் ஓரத்தில், நன்னீர் கலந்த இடத்தில், அது இன்னும் கண்ணாடி. உள்ளே போகப்போக, காரம் ஏற ஏற, அதே சாம்பல் ஜியோலைட். நடு ஏரியில், உப்பு முற்றிய இடத்தில், ஜியோலைட்டும் கரைந்து ஃபெல்ட்ஸ்பார். நம் பக்கத்து எதிர்ச்சான்று ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் இருக்கிறது. 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை துப்பிய சாம்பல் அங்கே திட்டாகக் கிடக்கிறது. கண்ணாடித் துகள் கண்ணாடியாகவே இருப்பதால்தான் அதன் வேதியியலை வைத்து அது தோபாவுடையது என்று சொல்ல முடிகிறது. சாம்பல் இருந்தது, காலம் இருந்தது, காரம் ஏறித் தங்கிய நீர் இல்லை.

எம். புதுப்பட்டியின் அடிநிலம் இன்னும் கறாரான எதிர்ச்சான்று. மதுரை வட்டாரத்தின் பாறைகள், விருதுநகர் மாவட்டத்துக் கருங்கற்கள் உட்பட, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. கொடைக்கானல் மலைப் பக்கம் சில இடங்களில் 900 டிகிரியையும் தாண்டிய சூட்டின் தடயம் இருக்கிறது. சார்னோகைட், நைஸ் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தப் பாறைகளின் அடையாளமே நீர் வற்றிப்போனதுதான். படிகங்கள் இறுகப் பின்னியவை. குமிழ்க் குழி கிடையாது. கரையும் கண்ணாடி கிடையாது. இதன்மேல் படிந்த கரிசலைப் பார்த்து, மகாராஷ்டிரத்துக் கரிசல் மாதிரிதானே என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது; அதற்குள் ஹூலாண்டைட் பொடிப்பொடியாக இன்னும் இருந்து, பயிருக்குக் கால்சியத்தைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருப்பதை நாக்பூரின் மண் ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். நம் கரிசலின் தாய்ப்பாறை வேறு. அது கறுப்பு, அவ்வளவுதான் ஒற்றுமை. ஆக, பட்டாசு வட்டாரத்தில் பயன்படும் ஜியோலைட் இந்த மண்ணின் பிள்ளையாக இருக்க வழியில்லை. அது வெளியூர்ச் சரக்குதான்.

இப்போது மருந்துக் கலவைக்கு வருவோம். காரமான நீரில் சட்டகம் உருவாகும்போது, நீர் சூழ்ந்த அயனிகளைச் சுற்றித்தான் சிலிக்காவும் அலுமினாவும் கூடு கட்டுகின்றன. அச்சைச் சுற்றி வார்ப்பு அமைவது போல, குழியின் அளவை முடிவு செய்ததே உள்ளிருந்த நீரும் அயனியும்தான். அதனால்தான் அந்தக் குழிக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நீர்தான் வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு தேடப்பட்ட ஆக்சிஜன் செறிவூட்டிக்குள் இருந்ததும் செயற்கை ஜியோலைட்தான். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் அது நைட்ரஜனை அதிகம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் மிச்சமாகி வெளியே வரும். அந்தக் கருவிக்கு எதிரி எது தெரியுமா? காற்றிலுள்ள ஈரம். நீர் ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் நைட்ரஜனுக்கு இடம் கிடையாது. வாயுவைப் பிடிக்க ஜியோலைட் காய்ந்து வெறுமையாக இருக்க வேண்டும். குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் பிடிப்பது எல்லாமே சூடு ஏறினால் நழுவிவிடும். காற்றில் கிடந்து நீர் நிரம்பிய ஜியோலைட் தூள், கரிமருந்தின் ஏறத்தாழ 2000 டிகிரிச் சுவாலைக்குள் இந்த இரண்டில் ஒன்றையும் நிறைவேற்றாது. முதலில் நீரை விடும். கிளினோப்டிலோலைட் ஏறத்தாழ 700 டிகிரி வரை நிற்கும். அதன்பின் சட்டகம் குலைந்து, எதிலிருந்து பிறந்ததோ அதே கண்ணாடி ஆகிவிடும். கந்தக டை ஆக்சைடைப் பிடித்து வைக்க அங்கே குழியே மிஞ்சாது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் 500 டிகிரிக்கு மேலும் ஜியோலைட் வேலை செய்கிறதே என்று ஒரு வேதியியலாளர் மறுக்கலாம். செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அது வாயுவைப் பிடித்து வைப்பதில்லை. பெரிய மூலக்கூறுகளை உடைக்கும் வினையூக்கி. அதற்கென்று சூட்டைத் தாங்கும்படி பக்குவப்படுத்திய செயற்கை வகை, டன் கணக்கில், கட்டுப்படுத்திய சூட்டில் சுற்றிச் சுற்றி வருகிறது. பட்டாசுக்குள் இருப்பது சிட்டிகைத் தூள். வெடிக்கு ஆகும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இன்னொரு மறுப்பு கணக்கைப் பற்றியது: கிளம்பும் நீராவியே தூசியை அமுக்காதா? ஓரளவு அமுக்கலாம், நீரி சொன்ன பணிகளில் அதுவும் ஒன்று. அளவைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு கிராம் மருந்தில் இருபதில் ஒரு பங்கு ஜியோலைட் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள நீர் 7 மில்லிகிராம் சொச்சம். கரிமருந்து ஒரு கிராம் எரிந்தால் அதில் பாதிக்கு மேல், 500 மில்லிகிராமுக்கும் அதிகமாக, திடப்பொருளாகவே, அதாவது புகைத் துகளும் கசடுமாகவே வெளிவருகிறது. எழுபது பங்குக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. பொட்டாசியமும் கந்தகமும் அலுமினியமும் உள்ளே எவ்வளவு போனதோ அவ்வளவும் ஏதோ ஓர் உருவில் வெளியே வந்தே தீரும். எந்தக் கல்லும் அதைத் தின்று செரிக்காது.

அப்படியென்றால் நீரியின் சோதனை பொய்யா? இல்லை. நீரி சொல்வது, பழைய பட்டாசோடு ஒப்பிட்டால் நுண்துகள் குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்பதுதான். இந்த எண் நம்பத் தகுந்தது, பெரிதும் எளிய காரணங்களால்: பேரியம் போய்விட்டது, பட்டாசின் அளவையும் மருந்தையும் குறைத்திருக்கிறார்கள், சேர்மானம் பிடிக்கிற இடத்தில் எரியும் பொருள் அந்த அளவுக்குக் குறைகிறது, நீர் வெளியேறும்போது வெப்பத்தில் ஒரு சிறு பங்கையும் எடுத்துக்கொள்கிறது. இதில் ஜியோலைட்டுக்கு உரிய இடம் உண்டு; ஆனால் அது துணைப் பாத்திரம்தான். முழுப் பெருமையையும் அதன் தலையில் கட்டுவது விளம்பரம்.

மிஞ்சியிருப்பது தொழிலாளியின் கேள்வி. ஈரமே ஆகாத மருந்தில், தண்ணீர் நிறைந்த கல்லைப் போடலாமா? ஜியோலைட்டுக்குள் இருக்கும் நீர், இலைமேல் நிற்கும் துளி மாதிரித் திரவ நீர் அல்ல. அயனியைப் பற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் அடைபட்டது. அதைப் பிரித்தெடுக்க, அதே அளவு சாதாரண நீரை ஆவியாக்குவதைவிட அதிக வெப்பம் வேண்டும். நிழலிலோ சித்திரை வெயிலிலோ அது வெளியே கசிந்து அலுமினியத்தைத் தேடிப் போவதில்லை. கையாள்பவர்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. சுட்டு உலர்த்திய வெறும் ஜியோலைட்டில் நீர் பட்டால், அது வெறியோடு உறிஞ்சும். உறிஞ்சும்போது சூடு வெளிவரும். ஒரு கைப்பிடி உலர்ந்த ஜியோலைட் மணிகளில் தண்ணீர் ஊற்றினால் கையே சுடும். ஆகவே கலவைக்குப் பக்கத்தில் இருக்கத் தகுந்தது, காற்றின் ஈரத்தை முன்பே குடித்து அமைதியாகிவிட்ட ஜியோலைட். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: வறண்ட காற்றிலேயே நிரம்பிவிடும் இயல்பு இதற்கு உண்டு என்பதால், திறந்த மூட்டையில் கிடந்த தூள் மருந்தின் ஈரத்தை உறிஞ்சிக் காப்பாற்றும் என்று நம்புவதும் வீண். நிரம்பிய குடத்தில் இன்னொரு குடம் நீர் ஊற்ற முடியாது. ஐப்பசி மாதத்து ஈரக்காற்றுக்கு மருந்து, பழையபடி, கூரையும் உலர்ந்த தரையும் நிதானமும்தான்.

இந்தத் தீபாவளிக்கு வாங்கும் பெட்டியில் பசுமைப் பட்டாசுக்கான பச்சை முத்திரை இருந்தால் நல்லது. அந்த முத்திரை உறுதி சொல்வது நூறில் முப்பது பங்குக்குத்தான். மீதி எழுபதும் உங்கள் வாசலில்தான் எழும்பும். குழந்தைகளையும் மூச்சிரைப்பு உள்ளவர்களையும் நாலு அடி கூடத் தள்ளி நிறுத்துங்கள்.